பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்: தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வங்கியில் கல்விக்கடன் மேசையில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் என் முன்னால் வந்து அமரும் பெற்றோரின் மஞ்சப்பையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான காகிதங்கள்தான் இருக்கும்: மதிப்பெண் சான்றிதழ் நகல், ரேஷன் கார்டு நகல், கல்லூரி கொடுத்த போனஃபைடு சான்றிதழ், கட்டண விவரக் கடிதம். ஒரு முறை விசைத்தறித் தொழிலாளி ஒருவர் தம் மகளுக்காக வந்திருந்தார். கட்டண விவரக் கடிதத்தில் ஆண்டுக்கு 87,000 ரூபாய் என்று இருந்தது. அதை நான் படித்து முடித்த பிறகு, சட்டைப்பையிலிருந்து கால் தாள் அளவுள்ள ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்து, “இதுக்கும் சேத்தி லோன் கெடைக்குங்களா சார்?” என்று கேட்டார். அதில் பென்சிலால் “2.25” என்று மட்டும் எழுதியிருந்தது. கல்லூரியின் பெயரோ, முத்திரையோ, கையெழுத்தோ அதில் இல்லை.

கட்டணத்துக்கு மேல் கல்லூரி கேட்ட அந்த இரண்டேகால் லட்சத்துக்கு எந்த வங்கியும் கடன் தர முடியாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. உயர்கல்விச் சேர்க்கையைக் கண்காணிக்கச் சட்டங்களும் அமைப்புகளும் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவை அனைத்தும் காகிதத்தைப் பார்த்தே இயங்குபவை. பென்சில் சீட்டில் கைமாறும் பணம் அவற்றின் கண்ணில் படுவதே இல்லை. எனவே ஒரு மாணவர் எந்தக் காகிதத்தை, யாரிடம், எந்த வரிசையில் கேட்டு வாங்க வேண்டும் என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் அருகிலிருந்து பார்த்தது பொறியியல் சேர்க்கை என்பதால் அதையே மையமாக வைத்திருக்கிறேன்.

படி 1: யார் எதைக் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் இயங்கும் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரி நான்கு இடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. ஒரு படிப்பை நடத்தவும் அதில் எத்தனை மாணவர்களைச் சேர்க்கலாம் என்பதற்கும் ஒப்புதல் தருவது, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் செயல்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ. பாடத்திட்டத்தையும் தேர்வையும் பட்டத்தையும் தருவது, கல்லூரிக்கு இணைப்பு வழங்கும் அண்ணா பல்கலைக்கழகம். கலந்தாய்வை நடத்துவதும் சேர்க்கைக்கு ஒப்புதல் தருவதும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். கட்டணத்தை வரையறுப்பது, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் மாநில அரசு அமைத்துள்ள கட்டண நிர்ணயக் குழு. புகார் என்று வரும்போது இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகிவிடும். கட்டணப் புகாரைப் பல்கலைக்கழகத்துக்கும், இணைப்பு பற்றிய புகாரைக் கட்டணக் குழுவுக்கும் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதன்று. கட்டாய நன்கொடை அரசமைப்புக்கு முரணானது என்று மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992-இல் கூறியது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் கட்டாய நன்கொடை வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியார் கல்லூரிகளுக்குத் தங்கள் நிர்வாகத்தில் உரிமை உண்டு என்றும், ஆனால் கல்வி லாப வணிகமாக மாறக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. அந்த இரண்டையும் நடைமுறையில் எப்படிப் பொருத்துவது என்ற கேள்விக்கு விடையாக, 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கின் தீர்ப்பு வழியாகக் கட்டண நிர்ணயக் குழுக்கள் பிறந்தன. 2005-இல் இனாம்தார் வழக்கு அவற்றை உறுதிசெய்தது. 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே அடிப்படையாக்கியது. அதன்படிதான் இன்றும் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது.

படி 2: ஒப்புதல் கடிதத்தையும் இணைப்பையும் நடப்பாண்டுக்குப் பாருங்கள்

“ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றது” என்று கல்லூரிப் பேருந்தின் பின்புறம் எழுதியிருப்பது எந்த ஆண்டுக்கான ஒப்புதல் என்பதைச் சொல்லாது. கேட்க வேண்டியது நடப்புக் கல்வியாண்டுக்கான ஒப்புதல் நீட்டிப்புக் கடிதம். அதைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். அந்தக் கடிதத்தில் படிப்புகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்பட்டு, எதிரே அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை தரப்பட்டிருக்கும். உங்கள் பிள்ளை சேரவிருக்கும் பாடப்பிரிவின் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, கடிதத்தில் அதற்குப் பக்கத்துப் பெயர் கொண்ட வேறொரு பிரிவாக இருந்தால், நான்காண்டுகள் கழித்துப் பட்டத்தில் வரப்போவது கடிதத்தில் உள்ள பெயர்தான்.

இடங்களின் எண்ணிக்கையையும் கவனமாகப் படிக்க வேண்டும். 2024 முதல் 2027 வரைக்குமான ஏஐசிடிஇ விதிமுறைக் கையேடு, நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இருந்த உச்ச வரம்பை நீக்கிவிட்டது. ஒரு பிரிவில் இடங்கள் திடீரென்று பெருகியிருந்தால், அந்த அளவுக்கு ஆய்வகமும் ஆசிரியர்களும் கூடியிருக்கிறார்களா என்பதை நேரில் சென்றுதான் அறிய முடியும். சேர்க்கை அலுவலகத்தோடு நின்றுவிடாமல் ஆய்வகம் வரை நடந்து பாருங்கள். இதே கையேடு பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளையும் ஏஐசிடிஇ-யின் கீழ் கொண்டுவந்தது. கலை அறிவியல் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்பவர்களும் இப்போது இந்தக் கடிதத்தைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பல்கலைக்கழகங்களின் நிலை சற்று வேறு. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், பட்டம் வழங்க நாடாளுமன்றம் சிறப்பு அதிகாரம் தந்த நிறுவனமும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அந்த மானியக் குழு, அதாவது யுஜிசி, தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். தொலைநிலையில் பொறியியல் பட்டம் தருவதாக யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாமல் போயின என்பதை 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தவர்கள் அறிவார்கள். தவறு நிறுவனத்துடையது, வேலையை இழக்கும் நிலைக்கு வந்தவர்களோ படித்தவர்கள்.

படி 3: தரச்சான்றின் தேதியையும் ஆசிரியர் பட்டியலையும் பாருங்கள்

தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையான நாக் தரும் சான்று முழுக் கல்லூரிக்கும், தேசியத் தரச்சான்று வாரியமான என்பிஏ தரும் சான்று தனித்தனிப் படிப்புக்கும் உரியவை. எனவே கல்லூரியின் நுழைவாயிலில் என்பிஏ என்று எழுதியிருந்தாலும், நீங்கள் சேரும் பிரிவுக்கு அது உண்டா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். தரச்சான்று உள்ள படிப்புக்குக் கட்டணக் குழு கூடுதல் கட்டணம் அனுமதிப்பதால், காலாவதியான சான்று உங்கள் பணத்தையும் தொடும்.

இந்தச் சான்றுகளை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே நபர் ஒரே ஆண்டில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டதை ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தது. ஒருவர் இருவரல்லர், நூற்றுக்கணக்கானோர். இணைப்புக்கான ஆய்வு ஒவ்வோர் ஆண்டும் நடந்தும் இது நடந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. ஆகவே கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய், அந்தத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான்கு மாணவர்களிடம் காட்டி, இவர்களில் யார் யார் வகுப்புக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். எந்த ஆய்வுக் குழுவின் அறிக்கையையும்விட அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

படி 4: உங்கள் இடம் எந்த ஒதுக்கீட்டில் வருகிறது என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்

சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். எஞ்சியவை நிர்வாக ஒதுக்கீடு. அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கலந்தாய்வு வழியாக, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுகின்றன: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. பட்டியல் சாதியினருக்கான 18-க்குள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இந்தச் சலுகைகள் எல்லாம் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் அப்படியே. புரோக்கர்கள் இதைச் சொல்லாமல் மறைப்பார்கள். கலந்தாய்விலேயே கிடைக்கக்கூடிய கல்லூரியில், “இப்பவே சீட் போட்டுவெச்சாத்தான் கெடைக்கும்” என்ற அவசரத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்து, 7.5 விழுக்காட்டுச் சலுகையையே இழந்த அரசுப் பள்ளி மாணவர் ஒருவரின் கடன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. தரவரிசைப் பட்டியல் வெளிவருவதற்கு முன்பாக யார் அவசரப்படுத்தினாலும் பணம் கட்டாதீர்கள். கடந்த ஆண்டு அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், உங்கள் வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பதைக் கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நிர்வாக ஒதுக்கீடு விதிக்கு வெளியே இருப்பதாக ஒரு நினைப்பு இருக்கிறது. அதிலும் தகுதி மதிப்பெண் உண்டு: உரிய பாடங்களில் பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு, பிற பிரிவினருக்கு 40. அந்த மாணவர்களின் பட்டியலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஒப்புதலுக்குப் போகிறது. சேர்ந்த பிறகு, உங்கள் பிள்ளையின் பெயர் அந்த ஒப்புதல் பட்டியலில் இடம்பெற்றதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைப் பெரும்பாலான பெற்றோர் கேட்பதே இல்லை.

படி 5: கட்டணம்

இந்தப் படிக்காகத்தான் இந்த வழிகாட்டியையே எழுதத் தொடங்கினேன். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, அரசு ஒதுக்கீட்டில் தரச்சான்று இல்லாத படிப்புக்கு 50,000 ரூபாய், உள்ள படிப்புக்கு 55,000 ரூபாய் என்றும், நிர்வாக ஒதுக்கீட்டில் முறையே 85,000, 87,000 என்றும் வரையறுத்தது. இப்படிப்பட்ட ஒரு தொகை ஒவ்வொரு கல்லூரிக்கும் உண்டு என்பதையும், அது அரசு ஆவணம் என்பதையும் முதலில் மனத்தில் நிறுத்துங்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்கான ஆணையைக் கேட்டு, எண்ணை அதில் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரையறுக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில், நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கினாலும் அது கட்டாய நன்கொடையே. வாங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். “கட்டட நிதி”, “வளர்ச்சி நிதி”, “அறக்கட்டளைக்கு நன்கொடை” என்று பெயரை மாற்றுவதால் அதன் தன்மை மாறாது.

விடுதி, உணவு, பேருந்து ஆகியவை தனி. இவற்றின் பெயரில் தொகை ஏறுவதுதான் வழக்கமான வழி என்பதால், சேர்க்கையின்போதே நான்காண்டுகளுக்குமான முழுக் கட்டண விவரத்தையும் கல்லூரியின் முகவரித்தாளில், முதல்வரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் கேளுங்கள். வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று சொன்னால் எந்தக் கல்லூரியும் மறுக்க முடியாது. கடன் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் அப்படிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாளில் எழுத ஒரு கல்லூரி தயங்கும் தொகை எதுவோ, அதுவே நீங்கள் தரக் கூடாத தொகை.

பணத்தைக் காசோலையாகவோ, வங்கி வரைவோலையாகவோ, இணையவழியாகவோ மட்டும் செலுத்துங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடைசெய்திருக்கிறது. மீறிப் பெறுபவருக்கு அதே அளவு தொகை அபராதம். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ஒரு நிறுவனம் வற்புறுத்தினால், அந்தப் பணம் அதன் கணக்கில் ஏறப்போவதில்லை என்றே பொருள் கொள்ளுங்கள். ரசீதில் கல்லூரியின் பெயர், மாணவர் பெயர், படிப்பு, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். கல்லூரியின் பெயரில் இல்லாமல் அறக்கட்டளையின் பெயரில் தரும் ரசீதை அங்கேயே திருப்பிக் கொடுத்து, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அந்த விசைத்தறித் தொழிலாளியிடம் நான் சொன்னதும் இதைத்தான். “இந்தத் தொகையைக் காலேஜ் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள், எழுதிக் கொடுத்தால் என்னிடம் கொண்டு வாருங்கள்” என்று அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்தார். கல்லூரியில் எழுதித் தரவில்லை. மறுபடி அந்தத் தொகையைக் கேட்கவும் இல்லை.

படி 6: ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்

சரிபார்ப்புக்காக அசல் மதிப்பெண் சான்றிதழ்களைப் பார்க்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு. பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. யுஜிசி 2018-இல் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏஐசிடிஇ விதிகளும் அப்படியே. சான்றிதழ்களைக் கட்டண பாக்கிக்கான பிணைப்பொருளாக வைத்திருக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழை மட்டும் கல்லூரி வாங்கி வைப்பது வழக்கம். அதற்கும் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

என் அனுபவத்தில், ஏமாந்த பெற்றோரை வாய் திறக்கவிடாமல் செய்வது பணம் போன வருத்தமன்று. பிள்ளையின் சான்றிதழ் கல்லூரியின் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது என்ற பயம். அதனால் சேர்க்கை நாளில் ஒவ்வொரு சான்றிதழையும் இருபுறமும் ஸ்கேன் செய்து, சுயசான்றொப்பமிட்ட நகல்களை மூன்று தொகுப்பாக எடுத்துக்கொண்டு போங்கள். “நகல் இருக்கிறது, ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் தாருங்கள்” என்று மேசையிலேயே நின்று கேளுங்கள்.

படி 7: விலக நேர்ந்தால்

கலந்தாய்வின் அடுத்த சுற்றில் நல்ல இடம் கிடைக்கலாம். மருத்துவ இடமே கிடைக்கலாம். ஏஐசிடிஇ-யின் கீழ் உள்ள கல்லூரியில், படிப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு யுஜிசி-யின் 2018 விதி பொருந்தும்: சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவோ அதற்கும் முன்போ விலகினால் முழுத்தொகை, அதன் பிறகு கடைசி நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாள் கழிந்து பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குப் பின் ஒன்றுமில்லை. முழுத்தொகை திரும்பும்போதும் கல்லூரி நடைமுறைச் செலவாகச் சிறு தொகை பிடித்துக்கொள்ளலாம். அது கட்டணத்தில் 5 விழுக்காட்டையோ 5,000 ரூபாயையோ தாண்டக் கூடாது. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான கடைசித் தேதிகளை அறிவித்திருக்கிறது. எனவே உங்கள் ஆண்டுக்கான சுற்றறிக்கையைப் பாருங்கள்.

எல்லாம் நாள் கணக்கில் இயங்குவதால், விலகல் கடிதம் எந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பி, அதையே பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

படி 8: புகார் எழுதும் முறை

யுஜிசி-யின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது அறுபது நாள் முன்பே, இடங்கள், தகுதி, கட்டணம், திரும்பப் பெறும் விதி ஆகியவற்றைக் கொண்ட விவரக் கையேட்டை வெளியிட வேண்டும். அதில் சொன்னதற்கு மாறாக நடந்தால் அதுவே புகாருக்குரிய காரணம். எனவே சேர்க்கைக்கு முன் அந்தக் கையேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது இணையதளத்தில் மாறிவிடலாம்.

முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். அது பதினைந்து வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். நிறைவில்லையென்றால் அடுத்த பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு முப்பது நாள் காலக்கெடு. கட்டணம் கூடுதலாக வாங்கப்பட்டிருந்தால் இந்த வரிசைக்குக் காத்திராமல் நேரடியாகக் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் எழுதுங்கள். கல்லூரி விவரம் தர மறுத்தால், இயக்ககமும் அண்ணா பல்கலைக்கழகமும் ஏஐசிடிஇ-யும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். மாநில அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, வரையறுக்கப்பட்ட கட்டணம் எவ்வளவு, என் பெயர் ஒப்புதல் பட்டியலில் உள்ளதா என்று மூன்றே கேள்விகளாக, எண்ணிட்டுக் கேளுங்கள்.

புகாரில் உங்கள் மன வேதனையை நீளமாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில், எந்த வழியில், எவ்வளவு செலுத்தினீர்கள், அனுமதிக்கப்பட்ட தொகை எவ்வளவு, வேறுபாடு எவ்வளவு என்பதை ஐந்து வரியில் எழுதி, ரசீது நகலையும் வங்கிக் கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கோப்பில் குறிப்பு எழுத வேண்டியவர். அவர் அப்படியே எடுத்து எழுதும்படி நீங்கள் எழுதிக் கொடுத்தால் கோப்பு நகரும்.

பொறியியல் அல்லாத படிப்புகளுக்கு வரிசை இதுவே. கதவுகள் மட்டும் வேறு. மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், சட்டத்துக்கு இந்திய பார் கவுன்சில், மருந்தியலுக்கு இந்திய மருந்தியல் கவுன்சில், கட்டடக் கலைக்கு அதற்குரிய கவுன்சில், பி.எட். படிப்புக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், செவிலியர் படிப்புக்கு இந்திய செவிலியர் கவுன்சிலும் மாநில கவுன்சிலும். பதிவு பெற்றுத் தொழில் செய்ய வேண்டிய இந்தப் படிப்புகளில் ஒப்புதல் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால், பட்டம் கையில் இருந்தும் பதிவு கிடைக்காது என்பதால், இரண்டாம் படியை இரு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள்.

இவ்வளவு காகிதங்களையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில் வையுங்கள்: ஒப்புதல் கடித நகல், விவரக் கையேடு, ஒதுக்கீட்டு ஆணை, முத்திரையிட்ட கட்டண விவரம், ரசீதுகள், தபால் ஒப்புகைகள். நான்காம் ஆண்டு இறுதியில் கல்லூரி “நிலுவை” என்று ஒரு தொகை சொல்லும்போது, முதலாண்டு ஜூலை மாதத்து ரசீதைத்தான் நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். பட்டச் சான்றிதழ் கைக்கு வரும் வரை அந்தக் கோப்பைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.